பொள்ளாச்சி மாடும் பெங்களூரு எலியும்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்தவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் அது நிற்கிற விதத்தைப் பார்ப்பார். காது விறைப்பாக இருக்கிறதா, தொங்கிக் கிடக்கிறதா? மூக்கு நுனியில் ஈரம் இருக்கிறதா? அசை போடுகிறதா? மற்ற மாடுகளோடு உரசிக்கொண்டு நிற்கிறதா, ஒதுங்கி நிற்கிறதா? தீனியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும் மாட்டை, எவ்வளவு விலை குறைத்துச் சொன்னாலும், அவர் வாங்க மாட்டார். காய்ச்சலோ வேறு ஏதோ உள்ளே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கொங்கு நாட்டுக் கட்டுத்தரைகளில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்த இந்தச் சேதியை ஆராய்ச்சி இதழில் ஒழுங்காக எழுதி வைத்தவர் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர். ஆண்டு 1988. நோயுற்ற விலங்கு தின்னாமல், நடமாடாமல், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் ஓரமாகப் படுத்துக்கொள்வதைப் பலவீனம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது என்றார் அவர். கிருமியோடு சண்டை போட உடம்பே எடுக்கும் முடிவு அது. காய்ச்சலை ஏற்றி வைத்திருக்க நிறையச் சக்தி செலவாகும். மேய்ச்சலுக்கு அலைந்தால் அந்தச் சக்தி கரைந்துபோகும். அதனால் உடம்பு விலங்கைப் படுக்க வைக்கிறது.

படுக்கச் சொல்லி உத்தரவு போடுவது யார்? ரத்தத்திலும் திசுக்களிலும் காவல் நிற்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள். கிருமியைக் கண்டதும் அவை சைட்டோகைன் என்ற சிறு புரதங்களைச் சுரக்கின்றன. அந்தச் சேதி ரத்தத்தின் வழியாகவும், வயிற்றிலிருந்து மூளைக்கு ஏறும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளையை எட்டுகிறது. உடனே பசி போகிறது, உறக்கம் மாறுகிறது, பிடித்த தீனியிலும் ருசி இல்லாமல் போகிறது, சக விலங்குகளோடு இருக்கப் பிடிப்பதில்லை.

இந்தப் பட்டியலை ஒரு மனிதருக்குப் பொருத்திப் பாருங்கள். மனநல மருத்துவர் ஒருவர் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கக் கேட்கும் கேள்விகளில் பாதி இதிலேயே வந்துவிடும்.

மனச்சோர்வு மனசுக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கும் நோய் இல்லை, உடம்பு முழுவதும் அதில் பங்கெடுக்கிறது என்பதை எழுபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக நமக்குக் காட்டியவை ஆய்வுக்கூட எலிகளும் முயல்களும்தான். மருந்து எப்படி வேலை செய்கிறது, எப்போது வேலை செய்யாது என்பதையும் அவைதான் காட்டின. இந்த அறிவு நம் ஊருக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மனச்சோர்வோடு வருபவர் முதலில் மனசைப் பற்றிப் பேசுவதில்லை. உடம்பு வலி, தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்பார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து ஒருவழியாக மனநல மருத்துவரிடம் வந்து சேரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். அங்கே மாத்திரை எழுதிக் கொடுத்ததும் வரும் கேள்வி: "ஏனுங்க டாக்டர், இது தூக்க மாத்திரைங்களா? சாப்பிட்டா இதுக்கே அடிமையாயிடுவமுங்களா?" பத்து நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். அல்லது இரண்டு மாதத்தில் தேறியதும், இனி எதற்கு என்று அவர்களாகவே நிறுத்திவிடுவார்கள்.

இந்தியாவில் பெரியவர்களில் இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோய் வருகிறது என்றது 2015-16-ல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இருந்தது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. எல்லாத் தற்கொலைக்கும் மனச்சோர்வு காரணம் இல்லை. ஆனால் சிகிச்சை கிடைத்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள் என்ற கேள்வியை விட்டு விலக என்னால் முடியவில்லை.

ஒரு வேரில் தொடங்கியது

மனச்சோர்வு மருந்துகளின் கதை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் தொடங்கியதாகத்தான் பாடப் புத்தகங்கள் சொல்லும். அதன் ஒரு வேர் நம் மண்ணில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் சர்ப்பகந்தி என்ற சிறு செடி வளரும். அளவுக்கு மீறித் தோண்டி எடுத்ததால் இன்று உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் செடி. பித்துப் பிடித்தவர்களுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் இதன் வேரை நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், இந்த வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று எழுதினார்கள். பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது.

ரத்தக் கொதிப்புக்கு ரிசர்பைன் சாப்பிட்டவர்களில் சிலர் காரணமில்லாமல் சோர்ந்துபோனதாக மருத்துவர்கள் குறித்துவைத்தார்கள். பிற்கால ஆய்வுகள் அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியானது இல்லை என்று காட்டியிருக்கின்றன. அதே காலத்தில் ஆய்வாளர்கள் ரிசர்பைனை விலங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1955-ல் அமெரிக்க தேசிய இதய நிறுவனத்தில் பெர்னார்ட் பிராடியின் குழு முயல்களுக்கு ரிசர்பைன் கொடுத்தது. அவற்றின் உடம்பில் சேர்த்து வைத்திருந்த செரடோனின் என்ற வேதிப்பொருள் காலியானது. ரிசர்பைன் கொடுத்த எலி கண்ணிமை தொங்கி, உடம்பு குளிர்ந்து, போட்ட இடத்தில் கிடந்தது. 1957-ல் ஸ்வீடனில் ஆர்வித் கார்ல்சன் அப்படிக் கிடந்த விலங்குகளுக்கு டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் மூலமான டோபாவைச் செலுத்தினார். அவை எழுந்து நடமாடின. டோபமைன் மூளையில் தனி வேலை செய்கிறது என்று தெரிந்தது அந்த வழியில்தான். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மனச்சோர்வுக்கு முதலில் வந்த மருந்து காசநோய் வார்டில் கிடைத்தது. 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தார்கள். நுரையீரல் தேறுவதற்கு முன்பே அவர்கள் முகம் மலர்ந்து, பசி எடுத்து, வார்டில் கலகலப்பாகிவிட்டார்கள். தொற்றுநோயும் மனநிலையும் ஒரே இடத்தில் தட்டுப்பட்ட தருணம் அது. யாரும் அப்போது அதை அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் 1957-ல் இமிப்ரமைன் மருந்தை அறிவித்தார். அதன் பிறகு புதிதாக எந்த மருந்து வந்தாலும், ரிசர்பைன் கொடுத்த எலியின் இமை தொங்காமல் அது தடுக்கிறதா என்று பார்ப்பது வழக்கமானது. நம் காட்டு வேர் எலியைச் சோர்வடையச் செய்ய, அந்தச் சோர்வை எதிர்க்கும் மருந்துகள் ஒவ்வொன்றாகத் தேறி வந்தன.

தண்ணீரில் விட்ட எலி

எலிக்கு மனசு சரியில்லை என்று எப்படித் தெரியும்? கேட்டுச் சொல்லாது. அதன் நடத்தையைத்தான் பார்க்க வேண்டும்.

1977-ல் பிரான்சில் ரோஜர் போர்சோல்ட் ஒரு வழி சொன்னார். கண்ணாடி உருளையில் தண்ணீர் நிரப்பி எலியை விடுவது. ஏறித் தப்ப வழி கிடையாது. முதல் நாள் 15 நிமிடம். மறுநாள் 5 நிமிடம். எலி முதலில் சுவரைப் பிராண்டும், நீந்தும், முங்கித் தேடும். பிறகு மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். மறுநாள் எவ்வளவு நேரம் அசையாமல் மிதந்தது என்பதுதான் கணக்கு. மனச்சோர்வு மருந்து கொடுத்த எலி கூடுதல் நேரம் நீந்தியது. 1985-ல் சுண்டெலியை வாலில் பிடித்து 6 நிமிடம் தொங்கவிடும் இன்னொரு சோதனை வந்தது. இந்த இரண்டு சோதனைகளையும் நம் தமிழ்நாட்டு மருந்தியல் கல்லூரி மாணவர்கள் நன்றாக அறிவார்கள். வல்லாரை, துளசி, அமுக்கரா என்று எந்தச் சாற்றைப் பரிசோதித்தாலும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவார்கள்.

எனக்கு இந்தச் சோதனைகளில் முழு நம்பிக்கை இல்லை. காரணம் எளிது. மனிதருக்கு இந்த மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். எலியோ ஒரே நாளில் போட்ட ஊசிகளுக்குப் பிறகு நீந்தத் தொடங்கிவிடுகிறது. அப்படியென்றால் அங்கே அளக்கப்படுவது மனச்சோர்வு தீர்ந்ததையா? தப்ப வழியில்லை என்று கற்றுக்கொண்ட எலி சக்தியை மிச்சம் பிடிக்க மிதக்கிறது, அது புத்திசாலித்தனம், அதைப் போய் விரக்தி என்று பெயரிடலாமா என்று கேட்கும் ஆய்வாளர்கள் பெருகிவிட்டார்கள்.

லண்டனில் பால் வில்னர் 1987-ல் காட்டிய வழி எனக்கு இதைவிட நியாயமாகப் படுகிறது. அவர் எலியைப் பெரிதாக வதைக்கவில்லை. ஒரு நாள் கூண்டைச் சாய்த்து வைத்தார். ஒரு நாள் படுக்கும் உமியை நனைத்தார். ஒரு நாள் இரவு முழுக்க விளக்கை எரியவிட்டார். ஒரு நாள் அறிமுகமில்லாத எலியை உள்ளே விட்டார். எது எப்போது வரும் என்று எலிக்குத் தெரியாது. வாரக் கணக்கில் இப்படிச் சின்னச் சின்னத் தொல்லைகள். வழக்கமாக இனிப்புத் தண்ணீரைத் தேடிப் போய்க் குடிக்கும் எலி, கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஆர்வம் இழந்தது. வெறும் தண்ணீரும் இனிப்புத் தண்ணீரும் அதற்கு ஒன்றாகிவிட்டன. மருந்து கொடுத்ததும் இனிப்பைத் தேடும் ஆசை உடனே திரும்பவில்லை. சில வாரம் தொடர்ந்து கொடுத்த பிறகே திரும்பியது.

ஒரே பெரிய அடி அடித்து வீழ்த்தவில்லை. எப்போது என்ன வரும் என்று தெரியாத சின்னத் தொல்லைகள் ஓயாமல் வந்தன, அவ்வளவுதான். 2016-ல் சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதன்முதலாகத் தென்பட்டது பொள்ளாச்சி வட்டாரத் தோப்புகளில். அதன்பின் வாடல் நோய், தேங்காய் விலை, கூலி ஆள் கிடைக்காமை, போர்வெல்லில் தண்ணீர் குறைவது, வங்கித் தவணை. எந்த வாரம் எது வரும் என்று தெரியாமல் நாட்களை ஓட்டும் தென்னை விவசாயிக்கு வில்னரின் எலியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூரில் பார்த்தது

பெங்களூரின் தேசிய உயிரி அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, நிம்ஹான்ஸின் சங்கரநாராயண ராவுடன் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் அசைய முடியாமல் அடக்கி வைத்தார்கள். பத்து நாள். பிறகு மூளை நரம்பணுக்களின் கிளைகளை அளந்தார்கள். நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் கிளைகள் சுருங்கியிருந்தன. அதுவரை பலரும் எதிர்பார்த்தது அதுதான். பயத்தை ஆளும் அமிக்டலா பகுதியிலோ கிளைகள் நேர் எதிராகப் பெருகி அடர்ந்திருந்தன. அதே குழு 2004-ல் இன்னொன்றையும் காட்டியது. தொல்லையை நிறுத்தி 21 நாள் ஓய்வு கொடுத்த பிறகும் அமிக்டலாவின் வளர்ச்சி குறையவில்லை. எலியின் பயமும் தணியவில்லை.

"பிரச்சினை தீர்ந்துவிட்டது, இன்னும் ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று வீட்டில் கேட்கிறோமே, அதற்கு இந்த ஆய்வில் விடை இருக்கிறது. கடன் அடைந்த அன்றைக்கே மூளை பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை.

நிம்ஹான்ஸில் பாக்யா, ஸ்ரீகுமார், ராஜு, சங்கரநாராயண ராவ் ஆகியோர் வேறு வகையான எலியைப் பயன்படுத்தினார்கள். பிறந்து எட்டாம் நாளிலிருந்து சுமார் இரண்டு வாரம் குளோமிப்ரமைன் என்ற மனச்சோர்வு மருந்தைக் குட்டிகளுக்குக் கொடுத்தால், வளர்ந்த பிறகு அவை வாழ்நாள் முழுக்கச் சோர்ந்த எலிகளாகின்றன. அந்த எலிகளுக்குப் பாதையைக் கற்று நினைவில் வைக்கும் திறன் குறைந்திருப்பதை 2008-ல் காட்டினார்கள். வளர்ந்த எலிகளுக்கு எஸ்சிட்டலோபிராம் தொடர்ந்து கொடுத்தபோது கற்றல் திறனும், மூளையின் வேதிச் சமநிலையும், நரம்புகளுக்கிடையேயான இணைப்பு வலுவும் மீண்டன என்று 2011-ல் காட்டினார்கள். எஸ்சிட்டலோபிராம் இன்று பொள்ளாச்சியின் எந்த மருந்துக் கடையிலும் சீட்டுக்குக் கிடைக்கும் மாத்திரை.

ஒரே வகை மருந்து குட்டிக்குக் கொடுத்தால் நோயை உண்டாக்குகிறது, வளர்ந்த எலிக்குக் கொடுத்தால் நோயைத் தீர்க்கிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விதிதா வைத்யா இந்தப் புதிரை ஆண்டுக்கணக்கில் துருவிவருகிறார். பிறந்த முதல் மூன்று வாரம் ஃபுளூவாக்சிடின் கொடுத்த எலிக்குட்டிகள் வளர்ந்ததும் பயந்த சுபாவத்தோடு இருப்பதையும், செரடோனினின் ஒரு குறிப்பிட்ட ஏற்பியை அந்தச் சமயத்தில் அடைத்துவிட்டால் அப்படி ஆவதில்லை என்பதையும் 2014-ல் அவர் குழு வெளியிட்டது. 2022-ல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது. கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எலிக் குட்டியின் அளவும் காலமும் வேறு, தாயின் சிகிச்சையில்லாத மனச்சோர்வு குழந்தைக்குச் செய்யும் கேடு வேறு. அந்தத் தராசை மருத்துவர்தான் பிடிக்க வேண்டும்.

காவல் அணுக்களின் கதை

இனி மாட்டுச் சந்தையில் தொடங்கிய விஷயத்துக்கு நேராக வருகிறேன்.

அயர்லாந்தின் கால்வே நகரில் பிரையன் லெனார்டின் குழு 1980-களில், சோர்வுற்ற எலிக்கு மாதிரியாக, எலிகளின் மூளையிலிருந்து மோப்ப முகிழை நீக்கிப் பார்த்தது. அந்த எலிகள் புது இடத்தில் விட்டால் நிலைகொள்ளாமல் ஓடின. அவற்றின் ரத்தத்தில் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும் சோம்பிக் கிடந்தன. டெசிப்ரமைன் மருந்தை வாரக் கணக்கில் கொடுத்தபோது ஓட்டம் அடங்கியது. வெள்ளணுக்களும் கிருமியை விழுங்கும் வேலைக்குத் திரும்பின. மூளைக்கு என்று கொடுத்த மருந்து ரத்தத்தைச் சரிசெய்தது 1987-ல் பெரிய செய்தியாகியிருக்க வேண்டும். அதற்கு உரிய கவனம் அப்போது கிடைக்கவில்லை.

1996-ல் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ரஸ் இர்மியா எதிர்த்திசையிலிருந்து வந்தார். உயிருள்ள கிருமி வேண்டாம், பாக்டீரியாவின் தோலில் இருக்கும் நச்சுப் பொருள் கொஞ்சம் போதும். அதை எலிக்கு ஊசியில் ஏற்றினார். இனிப்புத் தண்ணீரில் ஆசை போனது. புது இடத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆவல் போனது. இணை தேடுவது நின்றது. முன்கூட்டியே இமிப்ரமைன் தொடர்ந்து கொடுத்திருந்த எலிகளில் இந்தப் பாதிப்பு பெரிதும் தணிந்தது.

இங்கே நியாயமான சந்தேகம் ஒன்று எழும். எலிக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதானே, இதை மனச்சோர்வு என்று ஏன் சொல்ல வேண்டும்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2009-ல் வெளியான ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டியது. நச்சு ஏற்றிய சுண்டெலி ஒரு நாளில் காய்ச்சலிலிருந்து தேறி நடமாடுகிறது. ஆனால் முன்னே சொன்ன தண்ணீர், வால் சோதனைகளில் விட்டால் முயற்சியை விரைவில் கைவிடுகிறது. காய்ச்சல் போன பிறகும் சோர்வு தங்கிவிட்டது. காரணம் ஐடிஓ என்ற நொதி. செரடோனின் தயாரிக்க உடம்புக்கு டிரிப்டோஃபேன் வேண்டும். காவல் அணுக்கள் கிளப்பும் அழற்சி வந்தால் இந்த நொதி விழித்துக்கொண்டு டிரிப்டோஃபேனை வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. அந்தப் பாதையில் உண்டாகும் சில பொருட்கள் நரம்பணுக்களுக்கு ஆகாதவை. நொதியை அடைத்துவிட்டபோது எலிக்குக் காய்ச்சல் வந்தது, அழற்சியும் வந்தது. சோர்வு மட்டும் வரவில்லை.

சிக்குன்குன்யா வந்து போன வீடுகளில் இதை நாம் பார்த்திருக்கிறோம். காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கும். மூட்டு வலியோடு எதிலும் மனம் ஒட்டாத வெறுமை மாதக் கணக்கில் தங்கும். "காய்ச்சல்தான் போயிருச்சே" என்று சுற்றியுள்ளவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

மனிதரில் இதற்கு அசைக்க முடியாத சான்று 2001-ல் வந்தது. ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனையே அதிக அளவில் மருந்தாகக் கொடுப்பார்கள். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட 40 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் முன்பாகவே பாதிப் பேருக்கு பராக்சிடின் மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களில் 45 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது. பராக்சிடின் சாப்பிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. கடன் தொல்லையோ குடும்பச் சண்டையோ தேவைப்படவில்லை. ஊசியில் ஏற்றிய ஒரு புரதம் மனசை இருட்டாக்கியது.

மருந்து நோய் எதிர்ப்பை மாற்றும் வேகம் சில சமயம் ஆய்வாளர்களையே அதிகம் எதிர்பார்க்க வைத்தது. 2019-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரத்தம் நஞ்சாகும் நிலைக்குத் தள்ளிய சுண்டெலிகளை ஃபுளூவாக்சமைன் என்ற மனச்சோர்வு மாத்திரை காப்பாற்றியது. அளவுக்கு மீறிய அழற்சியை அது மட்டுப்படுத்தியது. கொரோனா வந்ததும் அந்த நம்பிக்கையில் பிரேசிலில் 1,497 பேரிடம் சோதித்தார்கள். நிலைமை மோசமாகி நீண்ட நேர அவசர சிகிச்சையோ மருத்துவமனைச் சேர்க்கையோ தேவைப்பட்டவர்கள் மருந்து எடுத்தவர்களில் 11 சதவீதம், எடுக்காதவர்களில் 16 சதவீதம். பின்னால் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனைகளில் அந்தப் பலன் தென்படவில்லை. எலியில் கிடைத்ததை மனிதருக்கு நேராகக் கொண்டுவர முடியாது என்பதற்கு இதைவிடச் சமீபத்திய சாட்சி வேண்டாம்.

இன்னொரு முரண். 2011-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், சிட்டலோபிராம் வகை மருந்தோடு ஐபுபுரோஃபென் சேர்த்துக் கொடுத்த சுண்டெலிகளில் மனச்சோர்வு மருந்தின் பலன் குறைந்தது. அழற்சியைக் குறைத்தால் நல்லதுதானே நடக்க வேண்டும்? 2006-ல் மியூனிக்கில் மனிதர்களிடம் அப்படித்தான் நடந்தது. அங்கே செலிகாக்சிப் என்ற வலி மருந்தைச் சேர்த்தபோது பலன் கூடியது. இந்த இரண்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நடைமுறையில் ஒன்று மட்டும் நிச்சயம். சிட்டலோபிராம் வகை மனச்சோர்வு மாத்திரையோடு வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கூடும். நாள் முழுக்கத் தறியிலும் தோப்பிலும் நின்று, வலிக்கு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் அதை மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கூண்டு மாறினால்

இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கிய ஆய்வு ரோம் நகரிலிருந்து வந்தது. இகோர் பிராங்கியின் குழு 2017-ல் வெளியிட்டது. சுண்டெலிகளை முதலில் இரண்டு வாரம் தொல்லைப்படுத்திச் சோர்வடையச் செய்தார்கள். பிறகு ஃபுளூவாக்சிடின். மூன்று வாரம். ஆனால் பாதி எலிகளை ஓடவும் ஒளியவும் பொருட்கள் நிறைந்த விசாலமான கூண்டில் வைத்தார்கள். மீதி எலிகளுக்குத் தொல்லை தொடர்ந்தது.

நல்ல கூண்டில் இருந்தவை மருந்தோடு தேறின. தொல்லைக் கூண்டில் இருந்தவற்றுக்கு அதே மருந்து நோயைக் கூட்டியது. அதே குழு ஓராண்டு முன்பு நோய் எதிர்ப்பு அணுக்களைப் பார்த்தபோதும் அழற்சியில் தெரிந்த மாற்றம் கூண்டுக்குக் கூண்டு வேறு திசையில் போயிருந்தது. மருந்து மூளையை மாற்றத்துக்குத் தயாராக்குகிறது, எந்தப் பக்கம் மாறுவது என்பதைச் சுற்றுப்புறம் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம்.

இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மனைவியை அடிக்கிற வீட்டில், அந்த மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்புவது சிகிச்சை ஆகாது. படிப்பு வரவில்லை என்று பிள்ளையை விடுதியில் அடைத்து வைத்து, அவனுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தால் போதாது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிற வீட்டுக்கு முதலில் வட்டியிலிருந்து விடுதலை வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. நிலைமை மாறட்டும், அப்புறம் மருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் தவறு. நல்ல கூண்டில் தேறிய எலிகளுக்கும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. இந்த மருந்துகளுக்கு மது, புகையிலை போல அடிமையாக்கும் குணம் இல்லை. திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், படபடப்பு வரும் என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதையும் மருத்துவர் சொல்படி. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416 இரவும் பகலும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

எலிக்கு நாம் பட்ட கடன்

இந்த அறிவுக்காக எத்தனையோ உயிர்கள் வதைபட்டிருக்கின்றன. 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியக் குழுவிடம் விலங்குகளை வைத்து ஆய்வு செய்யும் இந்தியாவின் ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் பதிவு செய்ய வேண்டும். எத்தனை எலி, ஏன், வேறு வழி இல்லையா என்று நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் விளக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-ல் எலியைத் தண்ணீரில் விடும் சோதனையைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. இந்தியா 2023 மார்ச்சில் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, மனித உயிரணு வளர்ப்பு போன்ற விலங்கில்லா முறைகளையும் ஏற்றுக்கொண்டது.

நம் மருந்தியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மூலிகைச் சாறு எலியைச் சிறிது நேரம் கூடுதலாக நீந்த வைத்தது என்பதற்காக 'மனச்சோர்வைத் தீர்க்கும்' என்று எழுதும் பழக்கம் போகட்டும். அந்தச் சோதனை அவ்வளவு சொல்லவில்லை. வேறு புதிதாக எதுவும் சொல்லாத அதே சோதனைக்கு ஆண்டுதோறும் எலிகளைத் தண்ணீரில் விடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆண் எலிகளை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வுகள் மலையளவு இருக்கின்றன. மனச்சோர்வு பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வரும் நோய். பெண் எலியின் நோய் எதிர்ப்பையும் பார்க்காமல் எழுதும் முடிவு அரை முடிவுதான்.

விலங்குகள் எழுப்பிய கேள்வி ஒன்று இப்போது மருத்துவமனைக்குள் வந்திருக்கிறது. எல்லாருடைய மனச்சோர்விலும் அழற்சி இருக்கிறதா, சிலருக்கு மட்டுமா? 2013-ல் எமரி பல்கலைக்கழகத்தில் வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு இன்ஃபிளிக்சிமாப் என்ற அழற்சித் தடுப்பு மருந்தை ஏற்றினார்கள். மொத்தத்தில் பார்த்தால் வெற்று மருந்தைவிட அது மேலாக இல்லை. ரத்தத்தில் சி.ஆர்.பி என்ற அழற்சிப் புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது அவர்களுக்குப் பலன் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு அது வெற்று மருந்தைவிடவும் மோசமாகப் போனது. இன்ஃபிளிக்சிமாப் விலை அதிகமான மருந்து, அதற்கென்று அபாயங்களும் உண்டு. சி.ஆர்.பி பரிசோதனையோ பொள்ளாச்சியின் சாதாரண ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இன்றே செய்துகொள்ளக் கூடியது. அந்த எண்ணைப் பார்த்து மனச்சோர்வுக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்கும் முறை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அதற்கான சோதனைகள் பல நாடுகளில் நடந்துகொண்டிருக்கின்றன. கொசுக் காய்ச்சலும் காசநோயும் சர்க்கரை நோயும் மலிந்த நம் பகுதி நோயாளிகளும் அந்தச் சோதனைகளில் இடம்பெற வேண்டும். அழற்சி நிறைந்த உடம்புகள் நம்மிடம் நிறைய உண்டு.